மூன்றாம் நாள் உபயம்

கோயில் திருவிழா நோட்டீஸ் கைக்கு வந்தால் எல்லாரும் அன்னதானம் என்றைக்கு, தேர் எந்தத் தெருவில் வரும் என்று பார்ப்பார்கள். நான் உபயகாரர் பெயரைப் பார்ப்பேன். முப்பது வருஷம் வரி அலுவலகத்தில் குப்பை கொட்டினவளுக்குக் கண் வேறு எங்கே போகும்? எந்த ஊர் அலுவலகம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். கெடாவில், சுங்கைப் பட்டாணிக்கு ரொம்பத் தூரமில்லை, அது போதும். பரஞ்சோதி அண்ணன் தன் ஒரே மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க முடியுமா, முடியாதா என்பது ஒரு வியாழக்கிழமை முழுக்க என் மேசைமேல் கிடந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நோட்டீஸ் வாசிக்கும் வித்தையை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவளே நான்தான். வருஷத்துக்கு முப்பதாயிரம் வெள்ளி வருமானம் என்று கணக்குக் காட்டுகிறவர், ஐந்தாம் நாள் உபயத்துக்கு நாற்பதாயிரம் கொடுத்ததாக அச்சடித்திருந்தால் அந்தப் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். என் வேலை அதோடு சரி. நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவன் அழகேசன். என்னைவிட எட்டு வயது சின்னவன், வெளியே போய் விசாரிக்கும் பிரிவில் இருந்தான். அந்தக் கடைக்குப் போய்ப் பேச்சுக் கொடுப்பான். சரக்கைப் பார்ப்பான், முதலாளி எதில் வந்து இறங்குகிறார் என்று பார்ப்பான். திரும்பி வந்து மோட்டார் சைக்கிள் சாவியை என் மேசையில் போட்டுவிட்டு, "வெறும் பேருதான்க்கா" என்பான். எப்போதாவதுதான் "இவருதான்க்கா ஆளு" என்பான்.

நான் போட்ட பத்து வட்டத்தில் ஏழு வெறும் பெயர்தான். நம் ஆட்களைத் தெரியாதா? கொடுத்தது ஐந்நூறாக இருக்கும், போடச் சொல்வது ஐயாயிரம். மூன்று பிள்ளைகள் பணம் சேர்த்துக் காலமான அப்பா பெயரில் போடுவார்கள். ஆகவே வித்தை என் வட்டத்தில் இல்லை, அழகேசனின் காலில் இருந்தது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

ஆள்குறைப்பை யாரும் ஒரே நாளில் செய்வதில்லை. ஒருவர் ஓய்வு பெறுவார், கேக் வெட்டுவோம், அவர் நாற்காலி அப்படியே காலியாகக் கிடக்கும். இன்னொருவரை மாற்றுவார்கள், பதிலுக்கு ஆள் வராது. பத்தொன்பது பேர் இருந்த கிளையில் மூன்று வருஷத்தில் ஆறு பேர் ஆனோம். நான்கு கவுண்டரில் மூன்றை மூடினார்கள். வெளியே போகும் பிரிவையே கலைத்துவிட்டு, அழகேசனை அலோர் ஸ்டார் மாநில அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்ல உட்கார வைத்தார்கள். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தான். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது மெர்கோங் பக்கம் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறான். இனி எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்ளும் என்று கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவர் திரையில் படம் போட்டுக் காட்டினார். கணினி கடைக்குப் போய்ப் பேச்சுக் கொடுக்குமா என்று என் வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஊர்க்காரர்கள் முட்டாள்களா என்ன? பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். முன்பெல்லாம் ஜூன் கடைசி வாரம் வியாபாரிகள் வருமானக் கணக்கை நிரப்பின பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளிநடைபாதைவரை வரிசை நிற்பார்கள். பயந்துகொண்டு நிற்பார்கள், எங்களைத் திட்டிக்கொண்டு நிற்பார்கள், ஆனாலும் நிற்பார்கள். ஆள் குறைந்த முதல் வருஷம் வரிசை வாசற்கதவோடு நின்றது. அடுத்த வருஷம் உள்ளே இருந்த நாற்காலிகளே போதுமாக இருந்தன.

பழைய இரும்பு வியாபாரி புவனேஸ்வரனை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். மூன்று லாரி, இரண்டு கிடங்கு வைத்திருக்கிற மனிதர். மூன்று வருஷமாகப் பாரமே அனுப்பவில்லை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது மெல்லக் கேட்டேன். அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "யாரு வந்து பாக்கப் போறாங்கக்கா? ஒங்க ஆபீஸ்ல பாதி லைட்டுதான் எரியுது லா" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

அவரைப் பிடிக்க வேண்டுமானால் லாரி ரசீது, வங்கிக் கணக்கு, கிடங்கு வாடகை என்று இரண்டு பேர் நான்கு மாதம் உட்கார வேண்டும். எங்களுக்கு வந்த உத்தரவோ, ஆளுக்கு மாதம் நாற்பது கோப்பு முடிக்க வேண்டும் என்பது. புவனேஸ்வரனும் ஒரு கோப்பு, மளிகைக் கடைக்காரரும் ஒரு கோப்பு. நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்? நானும் அதைத்தான் எடுத்தேன்.

அந்த மாதம் ஒன்பது கோப்பு குறைந்தது. மேசை இழுப்பறையில் மெராந்தித் தோட்டத்து மாரியம்மன் கோயில் நோட்டீஸ் இருந்தது. மெராந்தி நான் பிறந்த தோட்டம். ரப்பர் மரங்களை வெட்டி, நிலத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். ஆட்கள் பாதிப் பேர் கூலிம் ஹைடெக் பூங்காத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். கோயிலுக்கென்று சாலையோரம் ஒரு துண்டு நிலம் மட்டும் மிஞ்சியது. நோட்டீஸில் இப்படிப் போட்டிருந்தது: மூன்றாம் நாள் உபயம், புதுக் கூரைத் திருப்பணி வெள்ளி 86,400, ப. பரஞ்சோதி குடும்பத்தினர்.

பரஞ்சோதி அண்ணன் அந்தக் காலத்தில் தோட்ட முனையில் மளிகைக் கடை வைத்திருந்தவர். தோட்டம் போனதும் கடையை டவுனுக்கு மாற்றிக்கொண்டார். காட்டிய வருமானம் முப்பத்தோராயிரம். ஒரு வருஷம் தவறாமல் ஜூன் மாதம் அவரே வந்து பாரம் கொடுக்கிறவர். வட்டம் போட்டேன். கொண்டுபோக அழகேசன் இல்லை. விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்பினேன். இருபத்தொரு நாள் பார்த்தேன், பதில் இல்லை. அந்த எண்பத்தாறாயிரத்து நானூறும் மறைத்த வருமானம் என்று கணக்கிட்டு, அபராதத்தோடு பதினைந்தாயிரத்துச் சொச்சம் கட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். காலை பத்து மணித் தேநீருக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

தெரிந்தவர் என்பதற்காக விட்டுவிடுவதா என்று என்னை நானே கேட்டுக்கொண்டு, அன்றைக்கு நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன். நேர்மையாம். இப்போது நினைத்தால் என் மூஞ்சியில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

ஐந்து மாதம் கழித்து அந்த வியாழக்கிழமை வந்தது. கெடாவில் எங்களுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும். வியாழன் மூன்றரைக்கு அலுவலகம் மூடினால் ஞாயிறு காலைதான் திறக்கும். ஒன்பதரை மணிக்குக் காவலாளி மேலே வந்து, முன்பதிவு இல்லாமல் ஒருவர் பையும் கையுமாக நிற்கிறார், உங்கள் பெயரைச் சொல்கிறார் என்றான். கீழே போனேன். பரஞ்சோதி அண்ணன். புதுச் சட்டை, நெற்றியில் விபூதி, காலடியில் பயணப் பை.

மகள் ரூபினிக்கு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில் கல்யாணம். பெண் அங்கே வேலை செய்கிறாள். மாப்பிள்ளையின் அப்பா பக்கவாதத்தில் படுத்திருப்பதால் கல்யாணத்தை அங்கேயே ஒரு கோயிலில் வைத்திருந்தார்கள். முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது. விடியற்காலை விமானத்துக்குப் பினாங்கில் போய் நின்றால், கடப்பிதழைப் பார்த்த அதிகாரி இவரை மட்டும் ஓரமாக நிறுத்திவிட்டார். வரி பாக்கி இருக்கிறது, நாட்டை விட்டு வெளியே போகத் தடை. மனைவி மருதம்மாள் அதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டார். நீ போ, நான் அடுத்த விமானத்தில் வருகிறேன் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கையைக் காட்டிவிட்டு, நேராக என்னிடம் வந்திருக்கிறார்.

குரலை உயர்த்தவில்லை. ஏதோ தப்பாக வந்துவிட்டதுபோல் இருக்கிறது, கொஞ்சம் பாரும்மா என்று மட்டும்தான் சொன்னார். கோப்பைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து.

கடிதத்துக்கு ஏன் அண்ணே பதில் போடவில்லை என்று கேட்டேன். இரண்டு தடவை வந்தாராம். ஒரு தடவை கவுண்டர் மூடியிருந்தது, இன்னொரு தடவை கணினியில் முன்பதிவு செய்துவிட்டு வரச் சொன்னார்களாம். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்ததாம், எடுப்பார் இல்லை.

"அப்புறம் கடுதாசிக்கு அடியில ஒன் பேரு இருக்கறதப் பாத்தேன்மா. நம்ம குணவதிதானே, அது பாத்துக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

இப்படி ஒரு நம்பிக்கையை நம் ஆட்களைத் தவிர வேறு யார் வைப்பார்கள்? அரசாங்கக் கடிதத்தில் தெரிந்த பெயர் இருந்தால் அது நமக்குக் காவல் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் அந்தக் கடிதத்தையும், பணம் கட்டச் சொல்லிப் பிறகு போனதையும் கடையில் சாமி படத்துக்குக் கீழே இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்தார்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவருடையது இல்லை. எண்பது வீட்டுக்காரர்கள் கொடுத்தது. வீட்டுக்கு மாதம் பத்து வெள்ளி, ஒன்பது வருஷமாக, சாமான் வாங்க வரும்போது கடையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிறகு ஏன் உங்கள் பெயரை மட்டும் போட்டார்கள்? எண்பது பெயர் போட்டால் யார் பெயர் முதலில் வருவது என்று சண்டை வரும் என்றார். ஒரு தடவை அப்படிப் போட்டு, அண்ணன் பெயருக்கு மேலே தம்பி பெயர் வந்துவிட, அந்த இரண்டு குடும்பமும் நான்கு வருஷம் முகம் பார்க்கவில்லை. அதனால் எல்லாருமாகச் சேர்ந்து, உங்கள் பெயரிலேயே போடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள் என்றார்களாம்.

கால்குலேட்டரை எடுத்தேன். எண்பத்தாறாயிரத்து நானூறை எண்பதால் வகுத்தேன், ஒன்பது வருஷத்தால் வகுத்தேன், பன்னிரண்டால் வகுத்தேன். பத்து என்று வந்து நின்றது. மறைத்த பணம் இப்படி வராது. ஐம்பதாயிரம் என்று வரும், மங்கலத்துக்கு ஒன்று சேர்த்து ஐம்பதாயிரத்தொன்று என்று வரும். எண்பத்தாறாயிரத்து நானூறு என்று எவனாவது கோயிலுக்குக் கொடுப்பானா? நோட்டீஸிலேயே பதில் இருந்தது. நான் வட்டம்தான் போட்டேன், வகுத்துப் பார்க்கவில்லை.

அவர் கடைக்குப் போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே இருபத்தேழு 555 புத்தகங்கள், கடன் எழுதுகிற அந்தச் சின்ன நோட்டுதான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துக் குறிப்பு எழுதினால்தான் மதிப்பீட்டைத் திரும்பப் பெற முடியும். பழைய நாளாக இருந்தால் மூன்று பேர் ஆளுக்கு ஒன்பதாகப் பிரித்துக்கொண்டிருப்போம். அன்றைக்கு என் வரிசையில் நான் மட்டும்தான். பெயர், மாதம், பத்து, பத்து, பத்து. கொடுக்க முடியாதவர் பெயருக்கு நேரே "கடை" என்று எழுதியிருந்தார், அதாவது அவரே போட்டிருக்கிறார். அப்படி மட்டும் இரண்டாயிரத்துச் சொச்சம் இருந்தது.

நாலாவது புத்தகத்தில் "ஆபீஸ் குணவதி, 10" என்று இருந்தது. அடுத்த மாதமும் இருந்தது. முதல் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன், அதிலும் இருந்தது. ஒன்பது வருஷமும் ஒரு மாதம் விடாமல் இருந்தது. என் தம்பி பெண்டாட்டி இராசாத்தி தீபாவளிக்குத் தீபாவளி, அண்ணி கோயிலுக்கு நூற்றிருபது கொடுங்கள் என்பாள். எதற்கு என்று கேட்காமல் கொடுத்துவிடுவேன். என் பணத்தைத்தான் நான் அவர் மறைத்த வருமானம் என்று எழுதி அபராதம் போட்டிருக்கிறேன். எதிரே அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, வெட்கம் பிடுங்கித் தின்றது.

கூட்டி முடிக்க ஒன்றரை ஆனது. எங்கள் துவான் கெட்டவர் இல்லை, இரண்டு கிளைக்கு ஒரே மேலாளராக ஓடிக்கொண்டிருக்கிறவர். வாசித்துப் பார்த்துவிட்டு இரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆனால் பயணத் தடையை எங்கள் கிளையில் எடுக்க முடியாது. அலோர் ஸ்டாரில் அதற்கென்று இருக்கும் ஒரு பெண்மணிதான் கணினியில் திறக்க வேண்டும். முன்பு நான்கு பேர் பார்த்த வேலை அது. அண்ணன் யாரிடமாவது கடன் வாங்கிப் பதினைந்தாயிரத்தையும் கட்டிவிடுகிறேன் என்றார். கட்டினாலும் அந்தப் பெண்மணிதான் திறக்க வேண்டும் என்றேன்.

அங்கே தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. அழகேசனைக் கைப்பேசியில் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நேரா கெளம்பி வந்துருங்கக்கா, போன் எடுக்க அங்க ஆளில்ல" என்றான். பிறகு, "நான் ஒரு தடவ அந்தக் கடைக்குப் போய்ட்டு வந்திருந்தா முடிஞ்சிருக்கும்" என்றான்.

என் மைவி காரில் அண்ணனை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் பறந்தேன். அவர் பையை மடியிலேயே வைத்திருந்தார். குரூண் தாண்டியபோது கேட்டார்.

"புவனேஸ்வரன் போன மாசம்தான் லண்டன் போய்ட்டு வந்தாரு. அவர யாரும் நிறுத்தலையேம்மா?"

கணக்குக் காட்டினவர் பெயரில்தான் எங்களிடம் புரட்டிப் பார்க்கக் காகிதம் இருக்கும். காட்டாதவரைத் தேடிப் போகத்தான் ஆள் வேண்டும். தெரியவில்லை அண்ணே என்று பொய் சொன்னேன்.

மூன்று பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பெண்மணியின் நாற்காலி காலியாக இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று பன்னிரண்டு மணிக்கே போய்விட்டாராம். அவருடைய கடவுச்சொல் அவரிடம்தான் இருக்கும், மாற்று ஆள் கிடையாது. அங்கே இருந்த இரண்டு பேரும் நிஜமாகவே வருத்தப்பட்டார்கள். அவர்களைத் திட்டவும் எனக்கு வழியில்லை. மூன்றரைக்கு விளக்கை அணைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை கோலாலம்பூரில் வேலை நாள். வீட்டிலிருந்து கூப்பிட்டு நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்தேன். தடையை மாநில அலுவலகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது, கைப்பேசியைக் கட்டிலில் வீசினேன். சனிக்கிழமை எங்கும் யாரும் இல்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே என் மேசையில் இருந்தேன். ஒன்பது ஐந்துக்குத் தடை நீங்கிவிட்டது என்று அலோர் ஸ்டாரிலிருந்து செய்தி வந்தது. அதற்குள் ரூபினி கழுத்தில் தாலி ஏறிவிட்டது. தாய்மாமன் பிடித்துக் கொடுத்தாராம். அண்ணன் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைச் சாமி படத்துக்குப் பூப்போட இராசாத்தி போயிருந்தாள், அவள்தான் சொன்னாள். தாரை வார்க்கும் நேரத்தில் அவர் கைப்பேசிக்குப் பக்கத்தில், கடை மேசைமேல் தன் வலது கையை விரித்து நீட்டி வைத்துக்கொண்டிருந்தாராம். தாலி ஏறி ரொம்ப நேரம் ஆகியும் அந்தக் கையை எடுக்கவில்லையாம்.

மதிப்பீடு ரத்தாயிற்று. வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் போனது. அடியில், இது கணினியில் அச்சிடப்பட்டது, கையொப்பம் தேவையில்லை என்று இருந்தது. நான் பேனாவை எடுத்து அதன் கீழே கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பினேன். அதனால் என்ன ஆகப்போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த ஜூன் வந்தது. முப்பதாம் தேதி மாலைவரை கவுண்டர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வரவில்லை, கணினியிலும் அவர் பாரம் வரவில்லை. ஜூலையிலும் இல்லை. அவர் கடை வரிசையில் இன்னும் நான்கு பேரும் அனுப்பவில்லை. போய் ஏன் என்று கேட்க அலுவலகத்தில் ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் அந்தக் கடை வாசலில் போய் நிற்க எனக்கு முகம் இல்லை. அந்த டிசம்பரில் ஓய்வு பெற்றேன், கேக் வெட்டினார்கள்.

இந்த வருஷத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பு இராசாத்தி வீட்டுக்கு வந்தாள். தீபாவளிக்கு நான் கொடுத்த நூற்றிருபது வெள்ளியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"பரஞ்சோதி அண்ணன் இத வாங்கல அண்ணி. நோட்டுல ஒங்க பேரு இருந்தா மத்த வீட்டாளுங்க பேரு குடுக்கப் பயப்படுறாங்களாம்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

பணத்துக்குப் பக்கத்தில் இந்த வருஷ நோட்டீஸையும் வைத்துவிட்டுப் போனாள். முதல் நாள் உபயம் புவனேஸ்வரன் குடும்பத்தினர், ஐம்பதாயிரத்தொன்று, பெரிய எழுத்தில். பழக்கதோஷம், கை பேனாவைத் தேடியது. மூன்றாம் நாளில் யார் பெயரும் இல்லை. மெராந்தித் தோட்டத்து எழுபத்தொன்பது குடும்பத்தினர் என்று போட்டிருந்தார்கள்.